கழுத்து கடைசியில்

எங்கள் துறையில் கழுத்துக்கு எப்போதும் கடைசி முறை. முதலில் தலை, பிறகு மார்பும் வயிறும். மூளையையும் இதயத்தையும் எடுத்து, ரத்தம் வடிந்து நின்ற பிறகுதான் கழுத்தில் கத்தி வைப்போம். சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லித் தந்த பாடம் இது. காரணம் எளியது. கழுத்தின் ரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கும்போது அங்கே வெட்டினால், ரத்தம் கசிந்து உள்ளே பரவும். பரவிய ரத்தம், யாரோ கையால் நெரித்ததில் உண்டான காயத்தைப் போலவே தெரியும். இறந்தவருக்கு அதனால் நஷ்டம் இல்லை. உயிரோடு இருக்கும் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார்.

சட்டம் சார்ந்த மருத்துவத்தில் முதுநிலைப் படிப்புக்கு நான் சேர்ந்தது நாற்பத்தைந்து வயதில். அதுவரை ஆரம்ப சுகாதார நிலையங்களில் காய்ச்சலும் பிரசவமும் நாய்க்கடியும் பார்த்துக்கொண்டிருந்தேன். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கான ஒதுக்கீட்டில் இந்த இடம்தான் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லவும் எனக்குக் காரணம் இல்லை. மந்தைவெளியில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் பேப்பரை மடித்துவிட்டு, "உயிரோட இருக்கறவங்ககிட்ட பேசிப் பேசி அலுத்துப்போச்சா?" என்று கேட்டார். ஓரளவுக்கு உண்மைதான். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. நான் வரும் நேரத்துக்கு வெந்நீர் போட்டு வைப்பார், அவ்வளவுதான்.

துறையில் எனக்கு ஒரு வருடம் மூத்த மாணவர் ஒருவர் இருந்தார். என் வயதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். மாமா ஒருவர் தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கிறார், அந்த வீட்டு மாடியில்தான் தங்கியிருந்தார். மருத்துவக் கல்லூரி வழக்கப்படி சீனியரை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். அதனால் நான் அவரைச் சார் என்பேன். அவர் என்னை அக்கா என்பார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது.

கை வேகமானவர். ஒரு தையல் போடுவதைப் பார்த்தாலே தெரியும். அதைவிட, சொல்லிக்கொடுப்பதில் ஆசை. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கும்பலாகப் பார்க்க வரும் நாட்களில் அவர் குரலே வேறு மாதிரி இருக்கும். "எங்க மாமா கேக்காரு, கடையில உக்காந்தா உயிரோட இருக்க மனுசன் மூஞ்சியப் பாக்கலாம்லான்னு. எனக்கு இதுதாம்க்கா பிடிச்சிருக்கு. வாத்தியாரா ஆயிரணும்" என்று ஒரு முறை டீ குடிக்கும்போது சொன்னார். இறுதித் தேர்வுக்கு அவருக்குச் சில மாதங்களே இருந்தன. தேறிவிட்டால் எங்கள் துறையிலேயே வேலை கிடைக்கலாம் என்று பேச்சு இருந்தது.

நான் சொல்ல வந்தது ஒரு முன்பகலில் நடந்தது.

இறந்தவர் மயிலாப்பூரில் தனியாக ஒரு அடுக்ககத்தில் இருந்த முதியவர்; ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். ஒரே மகள் சிங்கப்பூரில். அவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஒரு பெண்மணி வீட்டோடு இருந்தார். முந்தின நாள் காலையில் முதியவர் குளியலறை வாசலில் குப்புற விழுந்து கிடந்தார். நெற்றியில் ஒரு வெட்டு. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நெற்றிக் காயம் இருப்பதால் இறப்புச் சான்றிதழ் தர மாட்டேன் என்றார். சரியான முடிவு. போலீஸுக்குச் சொன்னார்கள். மகள் வந்து சேரும்வரை உடல் எங்கள் குளிர் அறையில் இருந்தது.

பரிசோதனை தொடங்குமுன் உறவினர்களிடம் விவரம் கேட்டு வருவது முதலாண்டு மாணவரின் வேலை. அதாவது என்னுடையது. அந்த மூத்த மாணவர் உள்ளே எம்.பி.பி.எஸ். மாணவர்களோடு இருந்தார். நான் வெளியே போனேன்.

பிணவறைக்கு வெளியே தகரக் கூரை போட்ட ஒரு இடம் உண்டு. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர் கேன். மகள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். எதிர்ப்பக்க பெஞ்சில் பார்த்துக்கொண்ட பெண்மணி, பக்கத்தில் ஒரு பெண் காவலர். யாரும் கைது என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்மணி தண்ணீர் குடிக்க எழுந்தபோது காவலரும் எழுந்தார்.

மகளிடம் முதலில் கேட்டேன்.

"அப்பாக்கு ஹார்ட்ல ஒண்ணும் கெடையாது. போன மாசந்தான் இ.சி.ஜி. எடுத்துண்டார், நார்மல். நடமாடிண்டுதான் இருந்தார்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆத்துல கேமரா வெச்சிருக்கோம். தெனமும் காத்தால எழுந்த ஒடனே போன்ல பாப்பேன். நேத்திக்குப் பாக்கறேன், ஒரே இருட்டு. என்னடான்னு பாத்தா துண்டைப் போட்டு மூடிருக்கா. எதுக்கு மூடணும்? நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

அதைக் குறித்துக்கொண்டேன். எதிர்ப்பக்கம் போனேன்.

அந்தப் பெண்மணிக்கு வீடு ஈக்காட்டுத்தாங்கல். கையில் ஒரு கட்டைப்பை இருந்தது. அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா நாலு மணிக்கே எந்திரிச்சு குளிக்கப் போயிடுவாரு மேடம். என்னிய எழுப்ப மாட்டாரு. நான் ஆறு மணிக்கு எந்திரிச்சுப் பாக்கறேன், பாத்ரூமாண்ட வுழுந்து கெடக்கறாரு. காலு ஹால்ல கீது, தலை உள்ளார தொங்கிக்கினு கீது. பாத்ரூமு ரெண்டு படி பள்ளம். தூக்கலாம்னு கைய வெச்சேன். எதிர் வூட்டு சாரு வந்து, 'போலீஸ் வர்ற வரிக்கும் தொடாதே'ன்னுட்டாரு. அவங்க வந்து போட்டோ புடிச்சு தூக்கறதுக்குள்ள பத்து மணி ஆயிப்போச்சு. அதுவரிக்கும் அப்டியே தொங்கிக்கினு இருந்தாரு, பாவம்."

"கேமராவில் துண்டு?"

"அத்த டெய்லி ராத்திரி மாமாதான் போடச் சொல்லுவாரு. ராத்திரில வேட்டி அவுந்து அவுந்து பூடும். பொண்ணு பாத்துக்கினு கீதேன்னு கூச்சம். காலைல எந்திரிச்ச ஒடனே நான் எடுத்துடுவேன். நேத்து எங்க எடுக்கறது?" கொஞ்சம் நிறுத்தி, "நான் இன்னா பண்ணேன் மேடம்? எஸ்.ஐ. சாரு டாக்டரு சொல்லட்டும், டாக்டரு சொல்லட்டும்னே சொல்லிக்கினு கீறாரு. நீங்க இன்னா சொல்லப்போறீங்க?" என்றார்.

"பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்" என்றேன். எங்கள் துறையில் எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது. சொல்வதற்கு எளிதாக இருப்பதால் எல்லோரும் சொல்கிறோம்.

நான் உள்ளே திரும்பியபோது மாணவர்கள் மேசையைச் சுற்றி நெருங்கி நின்றிருந்தார்கள். தோள்களுக்கு இடையில் பார்த்தேன். முதியவரின் நரைமுடி கலையாமல் இருந்தது. தலையில் இன்னும் யாரும் கை வைக்கவில்லை. மார்பு மூடியிருந்தது. கழுத்து திறந்திருந்தது.

"சார், கழுத்து..." என்று ஆரம்பித்தேன்.

"பசங்களுக்குப் பன்னெண்டு மணிக்கு வேற கிளாஸாம்க்கா. நாக்கடி எலும்பைப் பாக்கணும்னு ஆசைப்பட்டாங்க. விழுந்து இறந்த கேஸ்தானே, கழுத்துல என்ன இருக்கப்போவுதுன்னு இதை முதல்ல காட்டிட்டேன். நீங்க எழுதிக்கிடுங்க" என்றார். நல்ல உற்சாகத்தில் இருந்தார். ஒரு மாணவியின் கையுறை அணிந்த விரலைப் பிடித்து அந்தச் சின்ன எலும்பின் மேல் வைத்து, "உடையலைல்லா? நெரிச்சா இதுதான் உடையும்" என்றார்.

அடுத்து உணவுக்குழாயை முன்பக்கமாக இழுத்தார். அதற்குப் பின்னால், கழுத்தெலும்பின் மேல், இரண்டு விரல் அகலத்துக்கு ரத்தம் சிவப்பாகப் படிந்திருந்தது.

மாணவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள். பிறகு ஒரு மாணவன், "சார், இது நெரிச்சதுதானே? நீங்க சிலைடுல காட்டினீங்களே" என்றான்.

மூத்தவர் குனிந்து பார்த்தார். "அப்படித்தான்டா இருக்கு" என்றார். போலீஸ் புகைப்படக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, இதை ரெண்டு மூணு எடுங்க" என்றார்.

வாசலோரம் ஒரு காவலர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். கைக்குட்டையை எடுக்காமலே வெளியே போனார். சற்று நேரத்தில் மகளின் குரல் கேட்டது. "பாத்தேளா! நான் சொன்னேனா இல்லியா!" அதற்கு மேல் சப்-இன்ஸ்பெக்டரின் குரல்: "ஏம்மா, எங்க எந்திரிக்கிற? உக்காரு. உக்காருன்றேன்ல."

நான் தாழ்வாரத்தின் கோடிக்குப் போய், அன்று பொறுப்பிலிருந்த உதவிப் பேராசிரியரை அழைத்து வந்தேன். என்னைவிடப் பத்து வயது சிறியவர். துறைத் தலைவர் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். உதவிப் பேராசிரியர் கையுறை போட்டுக்கொண்டே மேசையைப் பார்த்தார். என்னைப்போலவே முதலில் தலைமுடியைப் பார்த்தார்.

"எதை முதல்ல திறந்தீங்க?"

மூத்தவர் கத்தியைக் கீழே வைத்தார். "கழுத்தை, மேடம்."

"ஏன்?"

அவர் மாணவர்களைப் பார்த்தார். மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

உதவிப் பேராசிரியர் திட்டவில்லை. "சரி, இனிமே வரிசையாப் போலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அருகிலேயே நின்றுகொண்டார். தலையைத் திறந்தோம். நெற்றி வெட்டு தோலோடு நின்றிருந்தது. உள்ளே கசிவு இல்லை. மார்பைத் திறந்தோம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாய் ஒன்றில் புதிதாக உறைந்த ரத்தக்கட்டி அடைத்திருந்தது. இ.சி.ஜி. நார்மலாக இருந்த மனிதர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறோம். பிறகு மறுபடி கழுத்துக்கு வந்தோம். கழுத்தின் முன்பக்கத் தசைகளை ஒவ்வொன்றாக விலக்கினார்கள். எல்லாம் சுத்தமாக இருந்தன. எலும்பு முறிவு இல்லை. தோலில் நகக்கீறல் இல்லை. அந்தச் சிவப்புக் கறையின் மேல் மெதுவாகத் தண்ணீர் விட்டபோது பெரும்பகுதி போய்விட்டது. ஓரத்தில் நூல்போலக் கொஞ்சம் நின்றது. அந்த இடத்தைச் சிறு துண்டாக எடுத்து நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு வைத்தோம். அதன் முடிவு வர வாரக்கணக்காகும்.

நான் வெளியே கேட்டதைச் சொன்னேன்: நாலு மணியிலிருந்து பத்து மணிவரை தலை கீழே தொங்கிய நிலையில் கிடந்திருக்கலாம் என்று.

"அப்போ கழுத்துக் குழாய் எல்லாம் ரொம்பியிருக்கும்" என்றார் உதவிப் பேராசிரியர். "இந்தக் கேஸ்லதான் கட்டாயம் கழுத்தைக் கடைசியா விட்டிருக்கணும்."

மாணவர்களை அனுப்பிவிட்டார். நாங்கள் மூவரும், தையல் போடக் காத்திருந்த உதவியாளரும் மட்டும் இருந்தோம்.

"மேடம், கறை போயிருச்சு. ஹார்ட்ல காரணம் இருக்கு. கழுத்துல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிரலாமா?" என்று மூத்தவர் கேட்டார்.

"போட்டோ இருக்கே. கான்ஸ்டபிள் பாத்திருக்கார். போட்டோல இருக்கறது எங்க போச்சுன்னு கேப்பாங்க."

"அப்ப கருத்தை நிறுத்தி வைக்கலாம். மைக்ரோஸ்கோப் முடிவு வந்த பிறகு சொல்றோம்னு."

"வைக்கலாம். தப்பே இல்லை. எல்லாரும் செய்யறதுதான். உங்க பேர் எங்கயும் வராது." உதவிப் பேராசிரியர் கையுறையைக் கழற்றினார். "அது வர்ற வரைக்கும் வெளிய இருக்கற அந்தம்மா எங்க இருப்பாங்க?"

மூத்தவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"நான் போய்ச் சொல்லிடுவேன். ஆனா கத்தி உங்க கையில இருந்தது. நாளைக்கு கோர்ட்ல கூண்டுல நிக்கப்போறதும் நீங்கதான்" என்றார் அவர். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

மூத்தவர் தொட்டியருகே போய்க் கை கழுவினார். சோப்பு போட்டு, அலசி, மறுபடியும் சோப்பு போட்டார். இதைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. பின்னாளிலும் கேட்டதில்லை. தேர்வு, இங்கேயே கிடைக்கக்கூடிய வேலை, தாழ்வாரத்தில் இதற்குள் இதைப் பேசிக்கொண்டிருந்த மாணவர்கள், எல்லாம் அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.

சப்-இன்ஸ்பெக்டர் மொபைலைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "என்ன டாக்டர், கொலைக் கேஸா மாத்திரலாமா?"

"வேண்டாம் சார். கழுத்துல உங்க ஆள் பாத்த ரத்தம், நான் உண்டாக்கினது."

"புரியலை."

"கழுத்தைக் கடைசியிலதான் திறக்கணும். நான் முதல்ல திறந்துட்டேன். அவரு தலைகீழா கிடந்ததுல அங்க ரத்தம் ரொம்பி நின்னிருக்கு. நான் வெட்டின இடத்துலேர்ந்து கசிஞ்சு பின்னால போயிருச்சு. நெரிச்சதுக்கான காயம் வேற எங்கயும் இல்லை. இதயத்துல அடைப்பு இருக்கு, புதுசு. ஒரு துண்டை டெஸ்டுக்கு அனுப்பறோம். ஆனா இன்னைக்கு இருக்கறதை வெச்சு, நெரிச்சதுன்னு சொல்ல எதுவும் இல்லை."

"ஏன் முதல்ல திறந்தீங்க?"

"பசங்களுக்குக் காட்டறதுக்கு."

சப்-இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாக்கீது. நீங்க கிளாஸ் எடுத்ததுக்கு நான் இந்தம்மாவைப் புழல் ஜெயிலுக்கு அனுப்பியிருப்பேன். இதை எழுத்துல தருவீங்களா, இல்ல வாயோட சரியா?"

"எழுதித் தரேன் சார்."

மகள் எழுந்து வந்தார். "மொதல்ல ரத்தம் இருக்குன்னேள். இப்போ நீங்களே பண்ணேள்ங்கறேள். எதை நம்பறது நான்?" என்றார். கேள்வி நியாயமானதுதான். உதவிப் பேராசிரியர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இதயத்தில் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மகள் கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாம் கேட்ட பிறகு, எதிர்ப்பக்கம் திரும்பி, "அப்போ கேமராவை ஏன் மூடினே?" என்றார்.

"மாமாதாம்மா மூடச் சொல்லுவாரு. டெய்லி. ராத்திரில வேட்டி நிக்காது அவருக்கு. நீ பாப்பியேன்னு."

மகள் கையிலிருந்த போனைப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லிருக்கலாமே" என்றார்.

"யாரு, நானா?"

"யாராவது."

பெண் காவலர் பெஞ்சிலிருந்து எழுந்து ஒரு நாற்காலிக்குப் போனார். சப்-இன்ஸ்பெக்டர், "கூப்பிட்டா வரணும், ஊரை விட்டுப் போகக் கூடாது" என்று சொல்லி அந்தப் பெண்மணியின் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவர் உடனே கிளம்புவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. போனில் யாரையோ அழைத்துப் பேசினார். கேட்டார். மறுபடி பேசினார். பிறகு கட்டைப்பையோடு நேராக மூத்தவரிடம் வந்தார்.

"நைனா, ஏஜென்சில என்னிய வேலைய வுட்டு எடுத்துட்டாங்களாம். அடையாறுல ஒரு அம்மாவாண்ட போக வேண்டியது நானு. போலீஸ் கேஸு, வேணாங்கறாங்க. நீ ஒரு வார்த்த சொல்லேன்."

வெளியாட்களிடம் போனில் பேசுவது எங்கள் துறையில் வழக்கமில்லை. இறந்தவரைப் பற்றி எதுவானாலும் போலீஸ் மூலமாகத்தான். அது மூத்தவருக்கும் தெரியும். என்னை ஒரு முறை பார்த்தார். நான் கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

அவர் போனை வாங்கினார். "ஹலோ. டாக்டர் பேசறேன். நான் கேஸைப் பத்திச் சொல்ல முடியாது. இவங்களைப் போலீஸ்ல அனுப்பிட்டாங்க, அதை மட்டும்தான் சொல்லலாம். சந்தேகம்னா எஸ்.ஐ. பக்கத்துலதான் இருக்காரு, கொடுக்கேன்" என்று சொல்லி, வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டரிடம் போனை நீட்டினார்.

"நான் எதுக்குப்பா?" என்றார் அவர். வாங்கிக்கொண்டார். "ஆமா. ஆமாய்யா. அனுப்பிட்டோம். ஒண்ணுமில்ல. வேணும்னா ஸ்டேஷனுக்கு வந்து கேளு" என்று சொல்லிவிட்டு, "போதுமாம்மா? இன்னா, லோனுக்கும் ஜாமீன் போடணுமா?" என்றார். அந்தப் பெண்மணி சிரித்தார். வந்ததிலிருந்து அப்போதுதான்.

மதியம் மூத்தவர் சொல்லச் சொல்ல நான் அறிக்கையை எழுதினேன். கழுத்து என்ற தலைப்புக்கு வந்தபோது, கறையைச் சொல்வதற்கு முன்பாகவே வெட்டிய வரிசையைச் சொன்னார். நான் எழுதி முடித்ததும் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி ஒரு முறை படித்துப் பார்த்தார். பிறகு, "அக்கா, டீ சொல்லவா?" என்றார்.

டீக்கடைக்குப் போகும் வழியில் அந்தப் பெண்மணி இன்னும் வாசலருகே நின்றுகொண்டிருந்தார். உடலைக் கொடுத்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுப் போகலாமென்று இருந்தாராம். உடலை ஏற்றிய வண்டி அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. மகள் முன்னால் உட்கார்ந்திருந்தார்; கூட வா என்று கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

"மேடம், நீங்க எழுதினதுல என் பேரு வருமா?" என்று கேட்டார்.

"வராது."

"எங்கியுமா?"

"எங்கேயும் வராது. அதில் இறந்தவரைப் பற்றி மட்டும்தான்."

அவர் தலையாட்டினார். அடையாறுக்கு எந்தப் பஸ் என்று மூத்தவரிடம் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன். கட்டைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்து போனார்.